பேர் வெட்டின டப்பா

அதைக் காலுக்குக் கீழே வைக்காதீங்க தம்பி. இப்படிக் கொடுங்க, நான் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். கனம் ஒன்றுமில்லை. டிரைவர் பையன் மேலே கேரியரில் கட்டுகிறேன் என்றான், நான்தான் கூடாது என்றுவிட்டேன். ஒரு மனுஷர் சாப்பிட்ட பாத்திரம். அதன் மேல் நாலு பேர் மூட்டையை ஏற்றினால் நன்றாகவா இருக்கும்?

நீங்க தமிழ்தானே? வண்டி ஏறும்போது போனில் சொன்னீங்களே, "அம்மா, இங்க இட்லி கிடைக்குதும்மா, பர்மா பார்டர்ல!" என்று. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மோரேக்கு வருகிற எல்லாரும் முதலில் அம்மாவுக்குப் போன் பண்ணி இட்லியைத்தான் சொல்வார்கள். நம்ம கோயில் கோபுரத்தைச் சொல்கிறவர்கள் ரெண்டாம் பட்சம்.

இம்பால் ஏர்போர்ட்டுக்கா போறீங்க? கல்கத்தா பிளைட்டா, மதியத்துக்கு மேலேயா? அப்படியா. நல்லதாப் போச்சு. இல்லை, சும்மாதான் கேட்டேன். அப்புறம் சொல்கிறேன்.

என் பேர் காசிலிங்கம். பஜாரில் கம்பளிக் கடை. ஆனால் கம்பளிக் கடை எது என்று கேட்டால் நாலு கடையைக் காட்டுவார்கள். குண்டுக் கடை என்று கேட்டால் நேராக என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். பயப்படாதீங்க, எல்லாம் செத்த குண்டு. பட்டாளத்து ஆட்கள் வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, உள்ளே மருந்து கிருந்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் விட்டேன். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட என்னை, தம்பி, முந்தாநாள் ஒரு அம்மா என் வீட்டுக்கே வந்து அவமானப்படுத்திவிட்டுப் போனார். ஒரு வார்த்தை உரக்கப் பேசாமல். கும்பிட்டுவிட்டுப் போனார் தம்பி, அதைச் சொல்லுங்க. கும்பிட்டு!

வண்டி இப்போதைக்கு வேகமெடுக்காது. முழுதுமே மலை ஏற்றம். சொல்கிறேன் கேளுங்க.

அந்தக் காலத்துச் சண்டை தெரியுமில்லையா? ஜப்பான்காரன் பர்மா வழியாக வந்து இம்பாலைப் பிடிக்கப் பார்த்தானே. கூடவே நேதாஜி படையும் வந்தது. இப்போது நாம் போகிற ரோடே அவர்கள் அடித்துக்கொண்டு செத்த ரோடுதான். மண் சரிந்தால், கிழங்குக்குக் கொத்தினால், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் ஏதாவது ஒன்று மேலே வரும். இரும்புத் தொப்பி, தண்ணீர்ப் புட்டி, பெல்ட் கொக்கி, துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி, வெற்றுக் குண்டுக்கூடு. மலைக்காரர்கள் அந்தத் தொப்பியைக் கவிழ்த்துப் பன்றிக்குத் தீனி வைப்பார்கள். எனக்கு மனசு கேட்காது. ஒரு கம்பளியைக் கொடுத்து வாங்கிக்கொள்வேன். அவனுக்குக் குளிருக்காச்சு, எனக்குத் தொப்பியாச்சு. அப்படி ஆரம்பித்ததுதான்.

கொண்டு வருகிறவன் சும்மா கொடுத்துவிட்டுப் போகமாட்டான், கதை சொல்ல ஆரம்பிப்பான். இன்ன ஓடைக்கு மேலே, இன்ன பாறைக்குப் பக்கத்தில், கூடவே எலும்பு கிடந்தது, பல் கிடந்தது என்று. "காலங்காத்தால எலும்பைப் பத்தி எதுக்குப்பா? சாமானைக் காட்டு" என்பேன். வியாபார நேரத்தில் அதையெல்லாம் நின்று கேட்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

ஆனால் வாங்கினதை நான் வைத்திருக்கிற விதம் இருக்கிறதே, அதில் ஒருத்தர் குறை சொல்ல முடியாது. துரு என்கிற பேச்சே கிடையாது. அதுவும் ஆயுத பூஜை வந்துவிட்டால் வீடே அல்லோலகல்லோலப்படும். ஆயுத பூஜைக்கு ஊர் உலகத்தில் எல்லாரும் அரிவாளையும் தராசையும் வைத்துக் கும்பிடுவார்கள். என் வீட்டில் நிஜ ஆயுதமே இருக்கிறது, வைக்காமல் விடலாமா? பித்தளைக் கூடெல்லாம் புளி போட்டு, இரும்பெல்லாம் மண்ணெண்ணெய் போட்டு, அலுமினியமெல்லாம் செங்கல் தூளும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அப்புறம் உப்புத்தாள். நானும் என் வீட்டுக்காரி செண்பகவல்லியும் உட்கார்ந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கத்தி முனையில் எலுமிச்சம்பழம். ஜப்பான் தொப்பியில் பொரிகடலை. பட்டாளத்துச் சாப்பாட்டு டப்பா கொஞ்சம் இருக்கிறது, மெஸ் டின் என்பார்களே, மடக்குக் கைப்பிடி வைத்த செவ்வக டப்பா. அதில் சுண்டல். தெருப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நிற்கும். ஒரு வருஷம் பட்டாளத்து அதிகாரி ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு, குண்டுக்குப் பொட்டு வைத்திருக்கிறதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார்.

அப்புறம் பேர் வெட்டினது. இதையும் சொல்லிவிட வேண்டும். வருஷா வருஷம் குடியரசு தினத்துக்கு எங்கள் தமிழ்ச் சங்கத்தில் கண்காட்சி வைப்பார்கள், என் சாமானைத்தான் கேட்பார்கள். கொடுத்தால் ஒன்று ரெண்டு குறைந்துதான் திரும்பி வரும். செண்பகம்தான் சொன்னாள், "கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டா இரவல் குடுக்கிறோம், பேர் வெட்டித்தானே குடுக்கிறோம்? இதுக்கும் வெட்டுங்க" என்று. நியாயம்தானே? யோசனை அவளுடையது, அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. பஜாரில் எவர்சில்வர் கடைக்காரன், சொக்கு என்று பேர், மெஷின் வைத்திருக்கிறான், டர்ர்ரென்று வெட்டுவான். தொப்பியிலிருந்து தண்ணீர்ப் புட்டி வரை எல்லாவற்றிலும், "நா. காசிலிங்கம், மோரே." அதற்குப் பிறகு ஒரு பெல்ட் கொக்கிகூடத் தொலைந்ததில்லை.

பேர் வெட்டின பாத்திரத்துக்கு ஒரு மதிப்பு உண்டு தம்பி. எனக்கு அது தெரியும். நாங்கள் ரங்கூனை விட்டு வந்தபோது நான் சின்னப் பையன். கட்டின துணியோடுதான் போகணும் என்றுவிட்டான் பர்மாக்காரன். எங்கம்மா சீதனமாகக் கொண்டுவந்த செப்பு அண்டா, அவங்க பேர் வெட்டினது, அதைக் கட்டிக்கொண்டு அழுதாங்க. விட்டுவிட்டுத்தான் வந்தோம். சாகிற வரைக்கும் அந்த அண்டாவைப் பற்றியே பேச்சு. "இப்ப எவ வீட்டுல வெந்நீர் காயுதோ, எவன் என் பேர் மேல அவன் பேரை வெட்டி வெச்சிருக்கானோ" என்பாங்க. நாசமாப் போறவன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கே விட்டேன்? ஆ, முந்தாநாள்.

காலையில் சங்கத்துச் செயலாளர் பூபதி ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். "அண்ணே, மலேசியாவில இருந்து வந்திருக்காங்க. தையல்நாயகி அம்மா. உங்க சாமானைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். ஒல்லியான உடம்பு, தும்பைப் பூவாக நரைத்த தலை, சேலைக்கு மேலே ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ. செண்பகம் காபி கொடுத்தாள். "நீங்க பசியாறிட்டீங்களாம்மா?" என்று அவர் அவளைக் கேட்டார். அந்தப் பேச்சே ஒரு மாதிரி இதமாக இருந்தது.

நான் வழக்கம்போல இடது பக்கத்திலிருந்து விளக்க ஆரம்பித்தேன். இது இன்ன பீரங்கியின் கூடு, இது இன்ன நாட்டுத் தொப்பி என்று. மந்திரி வந்தபோதுகூட அதே வரிசையில்தான் சொன்னேன், அவர் கடைசி வரை நின்று கேட்டார். இந்த அம்மா பாதியிலேயே, "மன்னிச்சுக்குங்க ஐயா. சாப்பாட்டு டப்பா இருக்குதுங்களா?" என்றார்.

எனக்கு முகம் விழுந்துபோச்சு. கடல் தாண்டி வந்து சாப்பாட்டு டப்பாவா? அது கீழ்த்தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். அவர் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவராம், மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. நேதாஜி படையில் சேர்ந்துவிட்டார். பயிற்சி முடிந்து லீவில் வீட்டுக்கு வந்தபோது இந்த அம்மா கைக்குழந்தை.

"அப்பதான் எனக்குப் பேர் வெச்சாங்களாம்" என்றார். "படையில குடுத்த டப்பாவைக் கவுத்து வெச்சுக்கிட்டு, ஆணியும் கல்லுமா என் பேரைப் புள்ளி புள்ளியா அடிச்சாராம் அப்பா. அந்தச் சத்தத்துக்கு நான் முழிச்சு அழுவேனாம். அழுதா நிறுத்திடுவாராம். தூங்கினா மறுபடி டொக்கு டொக்குன்னு ஆரம்பிப்பாராம். எங்கம்மா ஏசுவாங்களாம், 'இம்மாம் பெரிய பேரை வெச்சது நீங்கதானே, கெடந்து அடிங்க'ன்னு."

பூபதி சிரித்தான். அந்த அம்மாவும் சிரித்தார். லீவு முடிந்து போன அப்பா போனவர்தான். இம்பால் பக்கம் மலைக்குள் போனார் என்று கூடப் போன ஒருத்தர் திரும்பி வந்து சொன்னதோடு சரி. பென்ஷன் வாங்கி, பிள்ளைகளைக் கரையேற்றி, கால் முட்டிக்கு ஆபரேஷன் பண்ணிக்கொண்டு இப்போதுதான் கிளம்பி வர முடிந்ததாம். "அப்பா முகம் எனக்குத் தெரியாது ஐயா. போட்டோ கிடையாது. அவர் கையால செஞ்சதுன்னு இருந்தா அது ஒண்ணுதான்" என்றார்.

ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக்கூடப் போடவில்லை. நான் பெருமைக்குச் சொன்னேன், "முகம் பார்க்கலாம்மா, அப்படி வெச்சிருக்கேன்" என்று.

"ஆமாங்கய்யா" என்றார். "என் முகம்தான் தெரியுது."

அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நல்லதாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு டப்பாவில் விரல் நின்றது. போய்ப் போய் அதே இடத்துக்கு வந்தது. "இது என்னங்க எழுத்து?"

"என் பேரும்மா. நா. காசிலிங்கம், மோரே. எல்லாத்துலயும் இருக்கும்."

"அது தெரியுதுங்க. அதுக்கு நடுவுல வேற ஏதோ தட்டுப்படுதே."

கண்ணாடியைப் போட்டார். ஜன்னல் பக்கம் போனார். பூபதி போனில் லைட் அடித்தான். என் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் சில புள்ளிகள். வழவழவென்று தேய்ந்துபோய், சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி. ஒரு வளைவு மாதிரி ஒன்று. அப்புறம் தள்ளி ரெண்டு மூன்று. எழுத்து என்றும் சொல்லலாம், கல்லில் மோதின வடு என்றும் சொல்லலாம்.

"இது எங்க கிடைச்சதுங்க ஐயா?"

"மலையிலதாம்மா."

"எந்த மலை?"

எனக்குத் தெரியாது தம்பி. யார் கொண்டுவந்தது என்பதே தெரியாது. எல்லாம் கலந்துபோச்சே! எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். என் வீட்டு ஜன்னலில் பார்த்தால் மலையைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்த அம்மா நான் கை காட்டின பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை இறக்கிய பிறகும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பூபதி என்னை முறைத்தான். கொடுங்க என்று அர்த்தம். எனக்கு முதலில் மனசு வரவில்லை, பொய் சொல்வானேன். ஒன்று குறைந்தால் அடுக்கு கலையுமே. அப்புறம் சொன்னேன், "எடுத்துக்குங்கம்மா, உங்களுக்கு இல்லாததா?" என்று.

அவர் சேலைத் தலைப்பால் டப்பாவைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார். "வேணாங்கய்யா. உங்க பேர் வெட்டியிருக்கு. நான் எடுத்துட்டுப் போனா, யார் வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கிட்டு வந்தீங்க பாட்டின்னு பேரப்பிள்ளைங்க கேக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம், "இதுல சாப்பாடு ஏதும் போடுறதுண்டா?" என்று கேட்டார். ஆயுத பூஜைச் சுண்டலைச் சொன்னேன். அதைக் கேட்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பிள்ளைங்க சாப்பிடுதா? அது போதும்" என்றார். அப்புறம்தான் அந்தக் கும்பிடு.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணினேன்? பன்றித் தொட்டியில் கிடக்க வேண்டியதைக் கொண்டுவந்து, தேய்த்து, பொட்டு வைத்து, பூட்டிப் பாதுகாத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ரெண்டு வார்த்தை நானும் பேசியிருப்பேன். மனசு ஆறியிருக்கும். கும்பிட்டால் என்ன பேசுவது?

ராத்திரி செண்பகத்திடம் சொன்னேன், "பார்த்தியா, கொடுத்ததை வேண்டாம்ன்னுட்டுப் போறாங்க." அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டு இருந்தாள். தலையைத் தூக்காமல், "சாப்பிட்டுக்கிட்டு இருந்த மனுஷன் கையில இருந்து தட்டைப் பிடுங்கி நம்ம பேரை வெட்டின மாதிரி இருக்கு எனக்கு" என்றாள். யோசனை சொன்னவளே இவள்தான்! அதைச் சொன்னேன். "நான் பேர் வெட்டச் சொன்னேன், பேர் மேல பேர் வெட்டவா சொன்னேன்?" என்றாள்.

என்ன, வண்டி நிற்கிறது? செக்போஸ்ட். இறங்க வேண்டும் தம்பி, எல்லாரும் இறங்க வேண்டும். பையைத் திறந்து காட்ட வேண்டும். அடையாளக் கார்டு வைத்திருக்கீங்களா? பயப்படாதீங்க, போதை மாத்திரையும் தங்கமும்தான் தேடுவார்கள். முன்னால் போங்க, நான் வருகிறேன்.

*

உட்காருங்க. என்னால் எல்லாருக்கும் நேரமாகிவிட்டது. அந்த முன் சீட்டுக்காரர் என்னைப் பார்க்கிற பார்வையைப் பாருங்க.

அந்தச் செக்போஸ்ட்காரன் என்ன பேசினான் என்று உங்களுக்குப் புரிந்திருக்காதே, ஹிந்தி தெரியாதுதானே? நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிதான். சரி, சொல்கிறேன். அந்தச் சிப்பாய் டப்பாவைப் பிரித்துப் பார்த்தான். புரட்டினான். இது என்ன எழுத்து என்றான். பேர் என்றேன். யார் பேர் என்றான். என் பேர் என்றேன். கார்டை வாங்கிப் பார்த்தான், காசிலிங்கம், சரியாக இருந்தது. அப்போ உன்னுடையதுதானே, போ என்றான்.

போயிருக்கலாம். எல்லாரும் ஏறிவிட்டார்கள். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை தம்பி, வாய் தானாகவே சொல்லிவிட்டது. என்னுடையது இல்லை என்று.

அவன் ஒரு மாதிரி பார்த்தான். "உன் பேர் இருக்கு, உன்னுடையது இல்லையா? அப்போ யாருடையது?" தையல்நாயகி என்றேன். "அது எங்கே எழுதியிருக்கு?" இதோ, இந்தப் புள்ளியைப் பாருங்க சாகேப் என்று காட்டினேன். வெயிலில் பிடித்தான், சாய்த்தான். கூட இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. "ஒன்றும் இல்லையே" என்றான். "குடித்திருக்கிறாயா?" என்று வாயை முகர்ந்து பார்த்தான். அப்போதுதான் நீங்க எல்லாரும் சிரித்தீங்க. பரவாயில்லை, எனக்குமே சிரிப்பு வந்திருக்கும்.

கடைசியில் தோளைத் தட்டி, "பெரியவரே, உங்க பேர்தான் இருக்கு. உங்களுடையதுதான். யாரும் பிடுங்க மாட்டோம், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான். நல்ல பையன். என் பயம் அவனுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கிறது.

பார்த்தீங்களா? நானே இல்லை என்றாலும் விடமாட்டேன் என்கிறது அந்தப் பேர்.

நேற்று உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் பேரைத் தேய்த்து அழித்துவிட்டால் அவருக்கு எடுத்துக்கொள்ளத் தடை இருக்காதே என்று. ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். மெஷின் வெட்டு, ஆழமாக விழுந்திருக்கிறது, என் பேர் அசையவே இல்லை. பக்கத்தில் இருந்த புள்ளி ஒன்று மங்கிவிட்டது. எனக்குக் கை நின்றுபோச்சு. என் பேரை அழிக்க வேண்டும் என்றால் முதலில் அது போகும். அது முழுசாகப் போன பிறகுதான் என் பேர் போகும்.

சொக்கு கடைக்கு ஓடினேன். "டேய், மெஸ் டின்னுக்குப் பேர் வெட்டினியே, அதுல ஒண்ணுல என்னடா எழுதியிருந்தது?" என்று கேட்டேன். "எனக்கென்ன ஞாபகம் இருக்கும் அண்ணே? நான்தான் அன்னிக்கே கேட்டேனே" என்றான்.

ஆமாம் தம்பி. அவன் கேட்டான். அண்ணே, இதுல ஏற்கெனவே ஏதோ புள்ளி புள்ளியா இருக்கு, தள்ளிப் போடவா என்று கேட்டான். நான்தான் சொன்னேன். அது துருடா, நடுவுல போடு, நல்லாத் தெரியணும் என்று.

இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. செண்பகத்திடமும் சொல்லவில்லை. அவர் விரலால் தடவினபோதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மலையைக் கை காட்டினேன் பாருங்க, அப்போதே.

என்ன கேட்டீங்க? மற்ற சாமானா? மற்றதெல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றிலும் என் பேர்...

ம்.

எங்கம்மா அண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனே, யாரோ ஒருத்தனைத் திட்டி. அதை விட்டுவிடுங்க. அவன் அவசரத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டான்.

தம்பி, ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீங்க. நீங்க ஏர்போர்ட் என்று சொன்னதும் நல்லதாப் போச்சு என்றேன் இல்லையா? அந்த அம்மாவுக்கும் இன்றைக்கு அதே பிளைட்தான். பூபதியிடம் விசாரித்துவிட்டேன். உங்கள் கையில் டப்பாவைக் கொடுத்துவிட்டு, கீழே மலையடிவாரத்தில் பாலேல் ஊர் வந்ததும் நான் இறங்கி அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். காசிலிங்கத்துக்கு உடம்புக்கு முடியவில்லை, படுத்திருக்கிறார் என்று சொல்லுங்க என்று சொல்லிவிடலாம் என்றுகூட. வெள்ளைத் தலை, கேன்வாஸ் ஷூ, உங்களால் கண்டுபிடித்துவிட முடியும். கொடுத்தால் போதும்.

ம்? கொடுத்துவிட்டு என்ன சொல்லணும் என்றா கேட்கறீங்க?

அதுதான் தெரியவில்லை. நீங்க நல்ல பிள்ளை, மறுக்காமல் கேட்கறீங்க. ஆனால் உங்களிடம் என்ன சொல்லி அனுப்புவது? மறுபடியும் அவர், அந்த ஐயா பேர் வெட்டியிருக்கே என்பார். நீங்க என்ன பதில் சொல்வீங்க? துரு என்று சொன்னது நீங்களா? நடுவில் போடு என்றது நீங்களா?

இதோ, இதைப் பிடிங்க. கவிழ்த்துப் பிடிங்க. கண்ணால் வேண்டாம், கண்ணால் பார்த்தால் என் பேர்தான் தெரியும். மூடிக்கொண்டு விரலால் பாருங்க. ஆழமாக இருப்பதெல்லாம் நான். அதை விட்டுவிடுங்க. இன்னும் இடது பக்கம். இன்னும் கொஞ்சம். அழுத்தாதீங்க, மெதுவாக. அழுத்தினால் தெரியாது.

ஆ. அங்கேதான். வளைவாக இருக்கிறதா? வளைவு மாதிரி இருக்கிறதில்லையா? எனக்கு மட்டும்தான் தோன்றுகிறதோ என்று நினைத்தேன். அப்புறம் ஒரு இடைவெளி இருக்கும், குழந்தை அழுதிருக்கும்போல, நிறுத்தியிருக்கிறார். அதற்கப்புறம் மறுபடி ரெண்டு. மூன்றா? நீங்க மூன்று என்கறீங்களா? சின்ன வயசு விரல், உங்களுக்குச் சரியாகத் தெரியும். மூன்று என்றே சொல்கிறேன் அவரிடம்.

கொடுங்க இப்படி. துணியைச் சுற்றிவிடுகிறேன்.

மலை இறங்கிவிட்டோம், பார்த்தீங்களா, வயல் வந்துவிட்டது. இதுதான் பாலேல். டிரைவர் பையன் கேட்கிறான், யாராவது இறங்கணுமா என்று. என்னைத்தான் பார்க்கிறான், ஏறும்போது பாலேலில் நிறுத்தச் சொல்லியிருந்தேன்.

யாரும் இறங்கலப்பா. நீ போ.